வார்த்தை புரியாமலே கைதட்டிய கூட்டம்

1592-ஐ ஒட்டிய ஒரு நாளில் லண்டன் நடிகர் ரிச்சர்டு ஜோன்ஸ் தன் சகாவான எட்வர்டு ஆலினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலின் அன்றைய லண்டனின் பெரிய ராஜபார்ட் நடிகர், கையில் நாலு காசு புழங்கியது. ஜோன்ஸ் கதை வேறு. ராபர்ட் பிரவுன் என்ற நடிகரோடும் அவருடைய நாடகக் கம்பெனியோடும் கடல் கடந்து போகப் போவதாகவும், ஆனால் போட்டுக்கொள்ள வேண்டிய உடுப்பும் மேலங்கியும் மூன்று பவுனுக்கு அடகில் கிடப்பதாகவும், அதை மீட்கப் பணம் கொடுத்து உதவ வேண்டும் என்றும் கேட்கிறார். இங்கே ஒரு நாள் ஒரு ஷில்லிங் கிடைக்கிறது, இன்னொரு நாள் ஒன்றுமே கிடைப்பதில்லை என்று புலம்புகிறார். நல்ல துணி இல்லாமல் அங்கே போய் நின்றால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதையும் மறக்காமல் சேர்க்கிறார்.

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் என்றதும் நிரம்பி வழியும் கொட்டகைகள்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கொட்டகைகளுக்கு வெளியே வேலை கிடைக்காமல் நின்ற நடிகர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். நடிகர்கள் அதிகம், இடம் குறைவு. போதாக்குறைக்கு 1592 முதல் 1594 வரை கொள்ளைநோய் வந்து கொட்டகைகளைப் பெரும்பாலும் மூடவைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பது ஆங்கில நடிகர்களுக்குப் பழகிய வழிதான். சிலர் அந்த வழியைக் கடலுக்கு அப்பாலும் நீட்டினார்கள், அவ்வளவே. 1580-களில் தொடங்கிய இந்தப் போக்குவரத்து 1650-கள் வரை நீண்டது. டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மானியச் சிற்றரசுகள், ஆஸ்திரியா, போலந்து, பால்டிக் கரை எனச் சுற்றினார்கள். ஜெர்மன் நாடக வரலாற்றில் 'ஆங்கில நாடகக்காரர்கள்' என்ற தலைப்பில் தனி அத்தியாயமே இவர்களுக்கு உண்டு.

இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் 'ஷேக்ஸ்பியரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் பாதிதான் உண்மை. ஷேக்ஸ்பியரின் கதைகள் போனது நிஜம். ஆனால் அவருடைய கவிதை போகவில்லை, பெயரும் போகவில்லை. போனது நடிப்புத் தொழில். காசு வாங்கிக்கொண்டு, பயிற்சி பெற்ற உடம்போடு மேடையேறி, முன்பின் தெரியாத கூட்டத்தைக் கட்டிப்போடும் வித்தை. அதுவும் மொழி தெரியாத இடத்துக்குப் போனதால்தான் அந்த வித்தை அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது.

ஜோன்ஸ் சொன்ன அந்தக் கம்பெனிக்கு 1592 பிப்ரவரியில் ஒரு பயண அனுமதிச் சீட்டு கிடைத்தது. கொடுத்தவர் இங்கிலாந்தின் கடற்படைத் தலைவர் சார்லஸ் ஹோவர்டு பிரபு. ராபர்ட் பிரவுன், ஜான் பிராட்ஸ்ட்ரீட், தாமஸ் சாக்வில், ரிச்சர்டு ஜோன்ஸ் என நான்கு பெயர்கள் அதில் இருக்கின்றன. சீலாந்து, ஹாலந்து, ஃப்ரீஸ்லாந்து வழியாகப் போவார்கள், வழியில் தங்கள் தொழிலைச் செய்வார்கள் என்று எழுதியிருக்கிறது. என்ன தொழில்? முதலில் இசை. இரண்டாவதாக உடல் வித்தை, அதாவது கரணம் போடுவதும் தாவுவதும். அப்புறம்தான் இன்பியல், துன்பியல், வரலாற்று நாடகங்கள். அந்த வரிசை தற்செயலாக வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்நிய மண்ணில் எது விலைபோகும் என்று தெரிந்துதான் எழுதியிருப்பார்கள்.

இவர்களுக்கு முன்பே சிலர் போய்ப் பார்த்திருந்தார்கள். 1585-இல் டென்மார்க்கின் எல்சினோர் நகர மன்ற முற்றத்தில் ஆங்கிலேயர் நாடகம் போட்டபோது, கூட்டம் முண்டியடித்து ஒரு தடுப்பையே உடைத்துவிட்டதாக ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஊரில், இரண்டாம் ஃபிரெடரிக் மன்னரிடம் வில் கெம்ப், தாமஸ் போப், ஜார்ஜ் பிரையன் முதலானோர் இருந்தார்கள். போப்பும் பிரையனும் அங்கிருந்து டிரெஸ்டனுக்குப் போய்ச் சாக்சனி அரசரிடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இந்த மூன்று பேருமே பிற்பாடு ஷேக்ஸ்பியர் இருந்த கம்பெனியில் சேர்ந்தவர்கள். 'ஹாம்லெட்' எல்சினோர் கோட்டையில் நடக்கிறது, எழுதியவரின் கூட்டாளிகள் அந்தக் கோட்டையை நேரில் பார்த்தவர்கள். இதை வைத்து எத்தனையோ பேர் ஊகங்கள் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் தப்பில்லை, அதற்கு மேல் கட்டினால் அஸ்திவாரம் தாங்காது.

பிரவுன் கம்பெனி 1592 இலையுதிர்காலத்தில் பிராங்ஃபர்ட் சந்தைக்கு வந்தது. ஐரோப்பா முழுக்க இருந்து வியாபாரிகள் கூடும் சந்தை அது. அந்த வருடம் அங்கே ஃபைன்ஸ் மோரிசன் என்ற ஆங்கிலப் பயணியும் இருந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பு கொஞ்சம் எரிச்சலான குறிப்பு. லண்டனில் எடுபடாத உதிரி நடிகர்கள், ஆள் பற்றாக்குறை, நல்ல உடுப்போ மேடை அலங்காரமோ இல்லை, ஆங்கில நாடகங்களிலிருந்து துண்டும் துணுக்குமாக ஒப்பிக்கிறார்கள், தானும் கூட இருந்த ஆங்கிலேயர்களும் அலுப்பில்லாமல் அதைக் கேட்கவே முடியவில்லை என்கிறார். ஆனால் ஜெர்மானியர்களோ ஒரு வார்த்தைகூடப் புரியாத நிலையிலும் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு வந்து, அவர்களுடைய கைகால் அசைவையும் நடிப்பையும் வாய் பிளந்து பார்த்தார்கள் என்றும் சொல்கிறார். மொழி தெரிந்தவனுக்கு அலுப்பு, மொழி தெரியாதவனுக்கு அதிசயம். இந்தக் குழுக்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான குறிப்பு வேறு இல்லை என்பேன். எழுதியவர் பாராட்டும் எண்ணத்தில் எழுதவே இல்லை என்பதால் அதை நம்பவும் முடிகிறது.

ஒரு காட்சி எப்படி நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள மூன்ஸ்டர் நகரத்துக் குறிப்பு ஒன்று உதவுகிறது. 1600-ஐ ஒட்டிய நேரம். பதினொரு ஆங்கிலேயர் ஊருக்கு வருகிறார்கள். எல்லோரும் இளவட்டங்கள், ஒரே ஒருவர்தான் வயதில் மூத்தவர், எல்லாவற்றையும் நிர்வகிப்பவர் அவர். நகர மன்றக் கட்டடத்தில் அடுத்தடுத்து ஐந்து நாள், ஐந்து நாடகங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். லூட், சிட்டர்ன், ஃபிடில், குழல் என்று கையில் பல வாத்தியங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஊரார் கண்டிராத நடனங்கள். கூடவே ஒரு கோமாளி. மற்றவர்கள் உள்ளே போய் உடை மாற்றி அடுத்த அங்கத்துக்குத் தயாராகும் இடைவெளியில் அவர் மட்டும் வெளியே வந்து ஜெர்மன் மொழியில் கேலியும் கூத்துமாகப் பேசிச் சிரிக்க வைக்கிறார். நகர மன்றம் கொடுத்த அனுமதி ஐந்து நாள்தான், அது முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். ஆனால் அந்த ஐந்து நாளில் தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் நிறையப் பணம் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று குறிப்பெழுதியவர் ஒரு பெருமூச்சோடு முடிக்கிறார்.

அந்தக் கோமாளியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கம்பெனியிலேயே கூட்டத்தின் மொழி பேசியவர் அவர் ஒருவர்தான். அரசனும் அரசியும் ஆங்கிலத்தில் என்னதான் உருகினாலும், சனங்களுக்குச் சொந்தக்காரர் பபூன்தான். கதை என்ன, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அவர் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆகவே நாடகத்தின் எடை மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்தில் துணைப் பாத்திரமாக இருந்தவர் ஐரோப்பியக் கண்டத்தில் முதலாளி ஆனார். நிஜமாகவே பல கம்பெனிகளின் தலைவர் பபூன் வேஷக்காரராகத்தான் இருந்தார். அவரவருக்கு ஒரு மேடைப் பெயர், பெரும்பாலும் தின்பண்டப் பெயர். ராபர்ட் ரெனால்ட்ஸ் போட்ட வேஷத்துக்குப் பிக்கல்ஹெரிங் என்று பெயர், உப்பில் ஊறிய மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜான் ஸ்பென்சர் தனக்கு வைத்துக்கொண்டது ஹான்ஸ் ஸ்டாக்ஃபிஷ், அதாவது கருவாடு. பிக்கல்ஹெரிங் என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, போட்டவர் போன பிறகும் பல தலைமுறை வாழ்ந்தது. டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அந்தப் பெயரில் சிவந்த முகத்துச் சிரிப்பு மனிதர் ஒருவரை வரைந்திருக்கிறார்.

இவர்கள் வரும்வரை ஜெர்மானியர்களிடம் நாடகமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. திருவிழாக் காலத்துச் சிறு கேலி நாடகங்கள் இருந்தன. நியூரம்பெர்க்கில் செருப்புத் தைப்பவரான ஹான்ஸ் சாக்ஸ் எழுதிக் குவித்திருந்தார். பள்ளிகளில் மாணவர்கள் லத்தீன் நாடகம் போட்டார்கள், ஜேசு சபையினரின் கல்லூரிகளில் பெரும் பொருட்செலவில் மேடைக் காட்சிகள் நடந்தன. ஆனால் இவற்றில் நடித்தவர்கள் யார்? கைவினைஞர்கள், மாணவர்கள். பகலில் செருப்புத் தைத்துவிட்டு மாலையில் சீசராக நிற்பவர்கள். பாடத்தைச் சத்தமாக ஒப்பிப்பதே பெரும்பாலும் நடிப்பு. நடிப்பை மட்டுமே வைத்துச் சோறு தின்பவன் என்ற ஒரு ஜாதி அங்கே அநேகமாக இல்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுமை அதுதான். காஸெல் அரசவையோடு தொடர்புடைய மருத்துவர் யோகான்னஸ் ரெனானுஸ் 1613-இல், இங்கிலாந்தில் தான் பார்த்ததை வைத்து, அங்கே நடிகர்களுக்குத் தினமும் பள்ளிக்கூடம்போலப் பயிற்சி நடக்கிறது, எவ்வளவு பெரிய நடிகரானாலும் எழுதியவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொள்கிறார் என்று வியந்து எழுதினார்.

சந்தைக் காசை நம்பி மட்டும் யாரும் வருடம் முழுக்கக் காலம் தள்ள முடியாது. ஒவ்வொரு ஊரிலும் நகர மன்றத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், கட்டணத்தை மன்றம்தான் நிர்ணயிக்கும். துக்க நாள், நோன்புக் காலம், நோய் பரவும் காலம் என்று ஏதாவது ஒன்று வந்து கதவை அடைக்கும். அதனால் சிற்றரசர்களின் ஆதரவு தேவைப்பட்டது. அந்த அரசர்களும் சளைத்தவர்கள் இல்லை, யாருடைய அரண்மனையில் ஆங்கிலக் கம்பெனி இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் போட்டி. ஹெஸ்ஸ-காஸெலை ஆண்ட மோரிட்ஸ், பிரவுனின் ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்டார். 1603-க்கும் 1606-க்கும் இடையில் காஸெலில் ஒரு நாடக அரங்கும் கட்டி, மகன் ஓட்டோவின் பெயரால் ஓட்டோனியம் என்று பெயரிட்டார். ஜெர்மன் மண்ணில் நாடகத்துக்கென்றே கட்டிய முதல் நிரந்தரக் கட்டடம் அதுதான். கட்டடம் இன்னும் நிற்கிறது, இப்போது அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

பிரவுன்ஷ்வைக்-வோல்ஃபன்பூட்டல் அரசர் ஹைன்ரிஷ் யூலியுஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவரே எழுத உட்கார்ந்துவிட்டார். 1593, 1594 ஆண்டுகளில் அவருடைய நாடகங்கள் அச்சாயின. ஆங்கில மேடையின் வாசனை அவற்றில் தூக்கலாக அடிக்கிறது. உரைநடை வசனம், பேய்கள், ரத்தம், அரியணைக்காகச் சொந்தக் குடும்பத்தையே தீர்த்துக்கட்டும் மகன், நடிகர் எங்கே நின்று என்ன செய்ய வேண்டும் என்ற விரிவான மேடைக் குறிப்புகள். கூடவே யோகான் பூசெட் என்ற கோமாளி, டச்சும் தாழ்நில ஜெர்மனும் கலந்த ஒரு விசித்திர மொழியில் பேசிக்கொண்டு நாடகத்துக்கு நாடகம் தலைகாட்டுகிறார். இந்தப் பூசெட் வேறு யாருமல்ல, 1592 பயணச் சீட்டில் பெயர் இருந்த தாமஸ் சாக்வில்தான். அது அவருடைய மேடைப் பெயர். நடிகர் ஒருவருடைய வேஷம் ஓர் அரசரின் எழுத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது.

சாக்வில்லின் மீதிக் கதையும் சுவையானது. அவர் மெல்ல நடிப்பை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். 1608-இல் தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலப் பயணி பிராங்ஃபர்ட் சந்தையில் அவரைப் பார்க்கிறார். ஒரு காலத்தில் தன் அப்பாவிடம் வேலைக்காரனாக இருந்த டார்செட்காரர், ஒன்றுமில்லாமல் இங்கிலாந்தை விட்டுப் போனவர், இப்போது பிரவுன்ஷ்வைக் அரசவையில் சில வருடம் இருந்து பணம் சேர்த்துவிட்டார், சந்தையில் அவர் பரப்பி வைத்த பளபளக்கும் சரக்குக்கு முன்னால் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் யாரும் நிற்க முடியவில்லை என்று கோரியட் எழுதுகிறார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. ராபர்ட் பிரவுன் கண்டத்தில் இருந்த 1593-ஆம் ஆண்டுக் கோடையில், லண்டன் ஷோர்டிச்சில் இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வீட்டாரும் கொள்ளைநோயில் இறந்துவிட்டார்கள், வீட்டுக் கதவு அடைத்துக் கிடக்கிறது என்று கொட்டகை முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ ஓர் ஊர்ச் செய்தியோடு செய்தியாக ஆலினுக்கு எழுதியிருக்கிறார். பிரவுன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அலைந்துகொண்டே இருந்தார்.

அரசர்கள் மட்டும்தான் எழுதினார்கள் என்றில்லை. நியூரம்பெர்க்கில் யாகோப் ஐரர் என்ற வழக்கறிஞர் இவர்களைப் பார்த்துப் பார்த்து ஏராளமாக எழுதினார். அவர் 1605-இல் இறந்த பிறகு, 1618-இல் அவை தொகுப்பாக வந்தன. ஆங்கிலக் கம்பெனிகள் நாடக முடிவில் ஆடிப்பாடிக் காட்டிய 'ஜிக்' என்ற சிறு கூத்தின் மெட்டமைப்பை எடுத்து, முழுக்கப் பாடியே நடிக்கும் குறுநாடகங்களைச் செய்தார். ஜெர்மன் இசை நாடகத்தின் வம்சாவளியைத் தேடிப் போகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்பார்கள். அவருடைய 'அழகி சீடெயா' நாடகத்துக்கும் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்'டுக்கும் இருக்கும் ஒற்றுமை இன்னொரு தீராத வழக்கு. நாட்டை இழந்து மந்திரவித்தை பழகிய அரசன், அவன் மகள், பிடிபட்டு விறகு சுமக்கும் எதிரியின் மகன் என எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. ஐரர் இறந்து சில ஆண்டுகள் கழித்தே 'டெம்பெஸ்ட்' எழுதப்பட்டது. யார் யாரிடம் எடுத்தார்கள், அல்லது இருவருக்கும் மூலமான பழைய நாடகம் ஒன்று இருந்து தொலைந்துபோனதா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. எப்படியிருந்தாலும் சரக்கு இரண்டு பக்கமும் போய்வந்தது என்பதற்கு, சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபாஸ்டஸின் கதையே போதுமான சாட்சி. 1587-இல் பிராங்ஃபர்ட்டில் அச்சான ஜெர்மன் கதைப் புத்தகம் அது. இங்கிலாந்துக்குப் போய் நாடகாசிரியர் மார்லோவின் கையில் நாடகமானது. அந்த நாடகத்தை ஆங்கிலக் கம்பெனிகள் மறுபடி ஜெர்மன் பேசும் ஊர்களுக்கே தூக்கி வந்தன.

1608 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் க்ராட்ஸ் அரண்மனையில் ஜான் கிரீனின் கம்பெனி நாடகம் போட்டபோது ஃபாஸ்டஸும் பட்டியலில் இருந்தது. இது நமக்குத் தெரிவது, அங்கிருந்த இளவரசி மரியா மக்தலேனா தன் அண்ணன் ஃபெர்டினாண்டுக்கு எழுதிய கடிதத்தால். அண்ணன் வெளியூரில் இருக்கிறார், ஊரில் திருவிழாக் காலம், தான் பார்த்த நாடகங்களை ஒவ்வொன்றாகத் தங்கை ஒப்பிக்கிறார். ஊதாரி மகன் கதை, ஃபார்ச்சூனாட்டஸின் பணப்பையும் மாயத் தொப்பியும், யூதன் கதை, 'யாரோ ஒருவனும் எவனுமில்லாதவனும்' என்ற கேலி நாடகம் என நீள்கிறது பட்டியல். கடைசியாகச் சொன்ன நாடகத்தை ஜெர்மன் கையெழுத்துப் படியாக்கிக் கிரீன் அரச குடும்பத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார், அந்தப் பிரதி க்ராட்ஸுக்கு அருகே உள்ள ரைன் என்ற துறவியர் மடத்தில் காப்பாற்றப்பட்டது. கத்தோலிக்க அரண்மனை என்பதால் அதற்கேற்ற கதைகளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரியும். பார்ட்டி அறிந்து பாட்டுப் பாடுவதில் இவர்களை அடித்துக்கொள்ள முடியாது. ஜான் ஸ்பென்சர் 1615-இல் கொலோனில் கம்பெனியோடு கத்தோலிக்க மதத்துக்கே மாறினார். அதையொட்டி, நோன்புக் காலத்திலும் நாடகம் போட அவருக்கு அனுமதி கிடைத்தது. அவர் மனதில் இருந்தது பக்தியா கணக்கா என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். பிராண்டன்பர்க் அரசர் ஆதரவில் 1611-இல் கோனிக்ஸ்பெர்கில் பத்தொன்பது நடிகர்களையும் பதினாறு இசைக்காரர்களையும் வைத்து மேய்த்தவர் அவர். அத்தனை வயிறுக்கும் நோன்பு மாதத்திலும் பசிக்கும்.

கிரீன் 1626-இல் டிரெஸ்டன் அரசவையில் இருந்தார். அந்த வருடம் என்னென்ன நாடகங்கள் நடந்தன என்று ஒருவர் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். ஜூன் மாதத்தில் 'ரோமியோவும் யூலியட்டாவும்', 'ஜூலியஸ் சீசர்', 'டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்'. செப்டம்பரில் 'இங்கிலாந்து அரசன் லியர்'. நடுவே மார்லோவின் ஃபாஸ்டஸும் மால்ட்டா யூதனும். ஷேக்ஸ்பியர் இறந்து பத்தே வருடம். ஜெர்மன் மண்ணில் அவருடைய பெரிய நாடகங்கள் வரிசையாக ஓடியிருக்கின்றன, பட்டியலில் அவர் பெயர்தான் எங்கும் இல்லை.

சரி, அந்த ஹாம்லெட் எப்படி இருந்திருக்கும்? கிரீன் போட்ட பிரதி கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் கம்பெனிகளின் மரபில் வந்த ஒரு ஜெர்மன் ஹாம்லெட், 'தண்டிக்கப்பட்ட சகோதரக் கொலை' என்ற பெயரில், 1710 தேதியிட்ட கையெழுத்துப் படி வழியாகக் கிடைத்திருக்கிறது. படித்துப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். தொடக்கக் காட்சியில் காவலாளிக்குப் பின்னாலிருந்து பேய் ஒன்று வந்து அவன் செவிட்டில் ஓர் அறை விடுகிறது, துப்பாக்கி கீழே விழுகிறது. 'இருப்பதா இல்லாதிருப்பதா' என்ற தனிமொழி அடியோடு இல்லை. இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும் வழியில் இரண்டு கூலிக் கொலைகாரர்கள் ஹாம்லெட்டைச் சுடத் தயாராகிறார்கள். கடைசியாக ஒரு பிரார்த்தனை செய்துகொள்கிறேன் என்று கேட்டு இருவருக்கும் நடுவே நிற்கிறான் இளவரசன். நான் கையைத் தூக்கியதும் இரண்டு பக்கமும் குறிவைத்துச் சுடுங்கள் என்கிறான். 'சுடுங்கள்!' என்று கத்திவிட்டு அப்படியே குப்புற விழுகிறான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாய்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரில் இந்த இடம் ஹாம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோவுக்கு வரும் கடிதத்திலும், பிற்பாடு ஹாம்லெட் உட்கார்ந்து சொல்லும் விவரத்திலும்தான் நடக்கிறது. அதாவது முழுக்க வார்த்தை. மொழி புரியாத, அல்லது அரைகுறையாகப் புரிகிற சந்தைக் கூட்டத்துக்கு முன்னால் அது எடுபடாது. ஆகவே கம்பெனிக்காரர்கள் வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் உடல் அசைவை வைத்தார்கள். மூன்று பேர், இரண்டு துப்பாக்கி, ஒரு குப்புறப் படுப்பு. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் புரியும், காதே கேட்காதவனுக்கும் புரியும். இலக்கியப் பேராசிரியர்கள் நீண்ட காலம் இந்தப் பிரதிகளைச் சிதைவு என்றும் குப்பை என்றும் ஒதுக்கினார்கள். வாசிப்பதற்கான பிரதி என்று எடுத்துக்கொண்டால் அவர்கள் சொன்னது சரிதான். மேடைக்கான வேலைத்திட்டமாகப் பார்த்தால் இதை எழுதியவருக்குத் தன் தொழில் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

1620-இல் 'ஆங்கில இன்பியல்களும் துன்பியல்களும்' என்ற பெயரில் ஜெர்மனில் ஒரு தொகுப்பு அச்சாகி, 1624-இல் மறுபதிப்பும் கண்டது. ஷேக்ஸ்பியரின் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ் கதை, ஃபார்ச்சூனாட்டஸ், எஸ்தர் கதை எல்லாம் அதில் இருக்கின்றன. எதிலும் ஆசிரியர் பெயர் கிடையாது. கவிதை வரிகள் தட்டையான உரைநடையாகியிருக்கின்றன. ஆங்காங்கே 'இந்த இடத்தில் பிக்கல்ஹெரிங் நடிக்கிறான்' என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது. என்ன பேசுவான், என்ன செய்வான் என்று ஒன்றும் இல்லை. அது அச்சில் ஏறாத சமாச்சாரம், ஊருக்கு ஊர் மாறுவது.

இதற்குள் 'ஆங்கில' என்பது ஒரு வியாபார முத்திரையாகிவிட்டது. 1600 தாண்டியதும் ஜெர்மனிலேயே நடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளூர் ஆட்கள் கம்பெனிகளில் சேர்ந்தார்கள், பழைய ஆட்கள் செத்துப்போனார்கள் அல்லது ஊர் திரும்பினார்கள். ஒரு கட்டத்தில் மருந்துக்குக்கூட ஆங்கிலேயர் இல்லாத கம்பெனிகளும் பலகையில் ஆங்கிலப் பெயரை விடவில்லை. 1618-இல் வெடித்த முப்பதாண்டுப் போர் அரசவைகளையும் சந்தைகளையும் நாசமாக்கியது, கம்பெனிகள் பிழைத்த இடம் பெரும்பாலும் போர் எட்டாத வடக்கும் கிழக்கும்தான். டான்சிக் நகரில், இன்றைய க்டான்ஸ்கில், வாள்சண்டைப் பள்ளியாகவும் நாடகக் கொட்டகையாகவும் பயன்பட்ட மரக்கட்டடம் ஒன்று இருந்தது. பெட்டர் வில்லர் வரைந்த பதினேழாம் நூற்றாண்டுச் செதுக்கோவியத்தில் அது லண்டன் ஃபார்ச்சூன் கொட்டகையின் தம்பிபோலவே நிற்கிறது. அதே இடத்தில் 2014-இல் ஒரு ஷேக்ஸ்பியர் அரங்கைத் திறந்திருக்கிறார்கள்.

நெதர்லாந்தில் கதை சற்று வேறு. அங்கே வலுவான உள்ளூர் எழுத்தாளர்கள் இருந்ததால் கோமாளியைவிட ரத்தம் தெறிக்கும் துன்பியல்தான் வேர் பிடித்தது. டைட்டஸ் கதையை வைத்து யான் வோஸ் எழுதிய நாடகம் 1641-இல் ஆம்ஸ்டர்டாம் அரங்கில் ஏறிப் பெரும் வெற்றி பெற்றது.

கடைசி ஆங்கிலக் கம்பெனிக்காரர் என்று ஜார்ஜ் ஜாலியைச் சொல்லலாம். கிராம்வெல் ஆட்சியில் லண்டன் கொட்டகைகள் மூடிக் கிடந்த காலத்தில் அவர் ஜெர்மனியில் சுற்றினார். 1650-களில் ஸ்திரீபார்ட்டுக்குப் பையன்களுக்குப் பதிலாக நிஜப் பெண்களையே மேடையேற்றுவதாக விளம்பரம் செய்தார். அதுவரை இந்தக் கம்பெனிகளில் அது வழக்கம் இல்லை. மன்னராட்சி திரும்பியதும் லண்டனுக்குப் போனார். அங்கே கொட்டகை முதலாளிகளான டாவனண்டும் கில்லிகுருவும் சேர்ந்து அவருடைய கொட்டகை உரிமத்தைச் சாமர்த்தியமாகக் கைமாற்றிக்கொண்டார்கள். வெளியூரில் ராஜாவாகத் திரிந்தவருக்கு உள்ளூரில் நாமம்.

அவர்கள் விட்டுச்சென்ற தொழிலை யோகான்னஸ் ஃபெல்டன் போன்ற ஜெர்மானியக் கம்பெனித் தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசர்கள், கொலைகள், நடுவே கோமாளி என்ற அந்த அமைப்பு இன்னும் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஓடியது. பிக்கல்ஹெரிங்கின் இடத்தில் வியன்னாவில் ஹான்ஸ்வுர்ஸ்ட் வந்தான், மற்ற இடங்களில் ஹார்லெக்கின். இந்தக் கூத்து படித்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. லைப்சிகில் கோட்ஷெட் என்ற பேராசிரியர், பிரெஞ்சு பாணியில் ஒழுங்கான நாடகம் வேண்டும் என்று போராடினார். 1737-இல் கரோலின் நொய்பரின் கம்பெனி கோமாளியைச் சடங்குபோல மேடையிலிருந்தே விரட்டியது. அந்தச் சீர்திருத்தம் தேவைதான், ஆனால் விரட்டப்பட்டது எது என்பதையும் சொல்ல வேண்டும். நடிகன் என்ற தொழிலை அந்த மண்ணில் உண்டாக்கியதே அந்தக் கோமாளி கூட்டம்தான். நொய்பரின் கம்பெனியே அந்தத் தொழிலில் பிறந்ததுதான்.

ஃபாஸ்டஸ் மட்டும் பொம்மலாட்டக்காரர்களிடம் போய் ஒளிந்துகொண்டான். அந்தப் பொம்மலாட்டக் கதை தன் மனதுக்குள் வெகுகாலம் ரீங்கரித்துக்கொண்டே இருந்ததாக ஜெர்மன் கவிஞர் கெதே பிற்பாடு எழுதினார். ஷேக்ஸ்பியரோ புது ஆளாக, புத்தக வடிவில், இரண்டாம் முறை வந்து சேர்ந்தார். 1741-இல் போர்க் மொழிபெயர்த்த ஜூலியஸ் சீசர், 1762 முதல் 1766 வரை வீலாண்ட் மொழிபெயர்த்த இருபத்திரண்டு நாடகங்கள். படித்தவர்கள் ஒரு மேதையைக் கண்டுபிடித்துவிட்ட பரவசத்தில் இருந்தார்கள். 1776-இல் ஹாம்பர்கில் ஃபிரீட்ரிஷ் ஷ்ரோடர் ஹாம்லெட்டை மேடையேற்றியபோது நகரமே திரண்டது. ஷ்ரோடர் கம்பெனிகளில் பிறந்து வளர்ந்த நடிகர், கூட்டத்துக்கு எது தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய ஹாம்லெட் கடைசிக் காட்சியில் சாவதில்லை.